கிறிஸ்துமஸ் வழிபாடு: முதலில் தரையை அளப்போம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2020 கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஒரு வாரமே இருக்கிறது. கொரோனா பரவும் இந்த ஆண்டு எத்தனை பேரை ஆலயத்துக்குள் விடுவது என்பதுதான் ஆலயக் குழுக் கூட்டங்களில் ஓடும் ஒரே பேச்சு. மூடிய இடங்களில் கொள்ளளவில் பாதி, எப்படியானாலும் 200 பேருக்கு மேல் கூடாது என்பது இந்த 2020 டிசம்பரில் உள்ள விதி. பல குழுக்கள் அந்த 200ஐ மட்டும் பிடித்துக்கொண்டு டோக்கன் அச்சடிக்க அச்சகத்துக்குப் போய்விட்டன. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. 200 என்பது அரசு போட்ட மேல்வரம்பு. ஆறடி இடைவெளி விட்டால் உங்கள் கோயிலுக்குள் எத்தனை பேர் உட்காரலாம் என்பதை அரசாணை சொல்லாது, அளவு நாடாதான் சொல்லும்.

ஒரு நடுத்தர ஆலயத்தை எடுத்துக்கொள்வோம். பீடம் நீங்கலாக 80 அடி நீளம், 40 அடி அகலம். நடுவில் 6 அடி, இரண்டு சுவரோரமும் 4 அடி நடைவழி விட்டால், பக்கத்துக்கு 13 அடி அகலம் மிஞ்சும். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று ஏறத்தாழ 2 அடி. ஆளுக்கு ஆள் 6 அடி என்று போட்டால் ஒரு பக்கத்தில் இரண்டு நாற்காலிதான் பிடிக்கும். மூன்றாவதற்கு 14 அடி வேண்டும். ஓர் அடி பற்றாது. வரிசைக்கு வரிசை 6 அடி விட்டால் 13 வரிசை. ஆக, வரிசைக்கு 4 பேர், மொத்தம் 52 பேர். பாய் விரித்து நெருக்கி உட்கார்ந்தால் 500 பேருக்கு மேல் கொள்ளும் கோயில் இது.

இதைக் கேட்டதும் மனம் தளர வேண்டியதில்லை. ஒரே வீட்டில் ஒன்றாகச் சாப்பிட்டுத் தூங்குகிறவர்களுக்கு இடையே ஆறடி விடுவதில் பொருளில்லை. நாற்காலிகளை இரண்டிரண்டாகச் சேர்த்துப் போட்டு, ஜோடிக்கும் ஜோடிக்கும் இடையில் மட்டும் இடைவெளி விட்டால், அதே 13 அடியில் இரண்டு ஜோடி அடங்கும். 52 பேர் 104 பேராகிவிடுவார்கள். பெஞ்சு உள்ள கோயில்களில் ஒரு பெஞ்சு விட்டு ஒரு பெஞ்சைக் கயிறு கட்டி மூடிவிட்டு, 12 அடி பெஞ்சில் ஒரு குடும்பத்தை மட்டும் உட்கார வைக்கலாம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்ற பழக்கத்தை இந்த ஒரு பண்டிகைக்கு விட்டுக்கொடுத்தால்தான் இந்தக் கணக்கு நடக்கும். கணவனும் மனைவியும் தனித்தனிப் பக்கம் உட்கார்ந்தால் மறுபடியும் 52தான். ஜமுக்காளமும் பாயும் வேண்டாம். தரையில் உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் எல்லோரும் நகர்ந்து நகர்ந்து ஒன்றாகிவிடுவார்கள். நாற்காலிக் கால் நிற்கும் இடத்தில் பெயிண்டால் குறி போடுங்கள். சாக்பீஸ் குறி முதல் ஆராதனையிலேயே அழிந்துவிடும்.

இன்னொரு பிழை எல்லா இடத்திலும் நடக்கிறது. குருவானவர், பீடச் சிறுவர்கள், உபதேசியார், வாசகம் வாசிப்பவர்கள், மைக்செட்காரர், கேமராக்காரர், தொண்டர்கள் என்று ஏறத்தாழ 20 பேர் கணக்கில் வராமல் உள்ளே நிற்பார்கள். 104 இடம் இருந்தால் டோக்கன் 85க்கு மேல் போகக் கூடாது. அந்த 85இலும் பத்து டோக்கனைப் பங்குத்தந்தையோ சேகரக் குருவோ (அந்தந்த ஆலயத்தின் பொறுப்புக் குரு) கையிலேயே வைத்திருக்க வேண்டும். யாருக்காக என்பதைப் பிறகு சொல்கிறோம்.

அடுத்தது, எத்தனை வழிபாடு நடத்துவது என்ற கேள்வி. கத்தோலிக்கப் பங்குகளுக்கு (ஒரு குருவின் பொறுப்பில் உள்ள ஆலய வட்டாரங்களுக்கு) இதில் ஒரு நல்ல செய்தி வந்திருக்கிறது. வத்திக்கானின் திருவழிபாட்டுப் பேராயம் 2020 டிசம்பர் 16 தேதியிட்ட ஆணையில், மறைமாவட்ட ஆயர் அனுமதித்தால் கிறிஸ்து பிறப்பு, ஜனவரி 1, திருக்காட்சி (ஞானிகள் குழந்தை இயேசுவைக் கண்ட விழா) ஆகிய மூன்று நாள்களிலும் ஒரு குரு நான்கு திருப்பலி வரை நிறைவேற்றலாம் என்று சொல்லியிருக்கிறது. பங்குத்தந்தையர் ஆயர் இல்லத்தில் இன்றே இதைக் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். ரோமிலேயே ஊரடங்கு நேரம் கருதித் திருத்தந்தையின் திருப்பலியை முன்னுக்கு நகர்த்தி இரவு 7.30 மணிக்கே வைத்துவிட்டார்கள். எனவே நள்ளிரவில் வைத்தால்தான் கிறிஸ்துமஸ் என்று இங்கே யாரும் அடம் பிடிக்கத் தேவையில்லை.

ஒரு சுற்றுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்க வேண்டும். வழிபாடு 45 நிமிடம், வெளியேற 15, கதவு ஜன்னல் திறந்து காற்றோட வைத்துத் துடைக்க 30, அடுத்தவர்கள் நுழைய 30. பிரசங்கம் பத்து நிமிடத்தைத் தாண்டினால் அன்றைய அட்டவணை முழுவதும் சரியும். (சொல்கிறவர்களுக்கு இது கஷ்டம்தான், கேட்கிறவர்கள் யாரும் கோபிக்க மாட்டார்கள்.) 24ஆம் தேதி மாலை இரண்டு, 25 காலை இரண்டு என்று வைத்தாலும், 85 வீதம் 340 பேர்தான். வீட்டுக்கு நான்கு பேர் என்று 300 குடும்பம் உள்ள பங்கில் 1200 பேர். இந்த இடைவெளியை மறைத்துப் பேசுவதால் பயனில்லை. அதனால் 25ஆம் தேதி ஒன்றையே குறிவைக்காமல், 24, 25, 27 (இந்த ஆண்டு ஞாயிறு, திருக்குடும்ப விழா), ஜனவரி 1 என்று நாலு நாளுக்குப் பிரித்து, ஒரு குடும்பத்துக்கு ஒரு நாள் என்று கொடுப்பதே நியாயம்.

மைதானம் உள்ள கோயில்கள் வெளியே வந்துவிடுவது எல்லாவற்றையும்விட மேல். கிருமி மூச்சுக்காற்றில் தேங்கும் நோய்க்குத் திறந்த வெளியைவிட மலிவான மருந்து கிடையாது. 100 அடிக்கு 60 அடி இடத்தில் நடுவே 4 அடி வழி விட்டு, ஜோடி ஜோடியாக நாற்காலி போட்டால் வரிசைக்கு 16 பேர், 16 வரிசை, கணக்குப்படி 256. வேப்பமரம், விளக்குக் கம்பம், ஷாமியானா கால்கள் எல்லாம் போக 220 வரும். திறந்தவெளிக் கூட்டத்துக்குக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். ஷாமியானா போடலாம், ஆனால் மார்கழிப் பனிக்கென்றும் அழகுக்கென்றும் பந்தல்காரர் சுற்றிலும் பக்கத் துணி கட்டிவிட்டுப் போவார். அதை அவிழ்க்கச் சொல்லுங்கள். நாலு பக்கமும் துணி கட்டிய பந்தல், ஜன்னல் இல்லாத மண்டபம்தான்.

நிவர், புரெவிப் புயல்கள் போன சூடு இன்னும் ஆறவில்லை. மழைக்கும் ஒரு திட்டம் வேண்டும். மழை பிடித்ததும் 220 பேரும் கோயிலுக்குள் ஓடினால் செய்த ஏற்பாடெல்லாம் ஐந்து நிமிடத்தில் வீண். 'மழை பெய்தால் நீல டோக்கன் உள்ளே, மஞ்சள் டோக்கனுக்கு 27ஆம் தேதி' என்று டோக்கனிலேயே அச்சிட்டுக் கொடுத்துவிடுங்கள்.

டோக்கனைக் கோயில் வாசலில் வைத்துக் கொடுக்கக் கூடாது. டோக்கன் வாங்கவே ஒரு கூட்டம் கூடும். கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியங்கள் (அக்கம்பக்கக் குடும்பங்களின் சிறு குழுக்கள்) இருக்கின்றன, சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகரங்களில் பகுதிவாரிக் குழுக்கள் இருக்கின்றன. அவற்றின் பொறுப்பாளர்கள் வீடு வீடாகக் கொடுக்கட்டும். ஒரு வழிபாட்டுக்கு இரண்டு மூன்று அன்பியங்கள் என்று சேர்த்து ஒதுக்கினால் இன்னொரு நன்மையும் உண்டு. யாருக்காவது பிறகு தொற்று உறுதியானால், யாரெல்லாம் அவருடன் இருந்தார்கள் என்று தேடி அலைய வேண்டாம். ஒவ்வொரு வழிபாட்டுக்கும் ஒரு நிறம், குடும்பத் தலைவர் பெயர், எத்தனை பேர், எந்த வாசல், எத்தனை மணிக்கு வாசல் திறக்கும், இவ்வளவு போதும். வழிபாடு தொடங்கும் நேரத்தைப் பெரிதாகவும் வாசல் திறக்கும் நேரத்தைச் சின்னதாகவும் அச்சடிப்பது வழக்கம். மாற்றிப் போடுங்கள்.

கையில் வைத்திருக்கச் சொன்ன பத்து டோக்கன் மூன்று வகையினருக்கு. சென்னை, பெங்களூரு, வளைகுடா என்று போய்ப் பிழைத்துப் பண்டிகைக்கு ஊர் திரும்புகிறவர்கள் எந்த அன்பியப் பட்டியலிலும் இருக்க மாட்டார்கள். ஆண்டுக்கு ஒரு தடவை மட்டும் கோயிலை மிதிக்கிறவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்லும் நேரம் இதுவல்ல. மெழுகுவர்த்தி ஏற்றிக் குழந்தை இயேசுவைப் பார்த்துவிட்டுப் போக வரும் பிற சமயத்தவர் நம் ஊரில் எப்போதும் உண்டு. இவர்களிடம் வாசலில் நின்று தொண்டர்கள் வாதாடத் தொடங்கினால் பின்னால் வரிசை தேங்கிவிடும். வெறுங்கையோடு வந்தவருக்கு அடுத்த வழிபாட்டு டோக்கனைக் கொடுத்து நேரத்தைச் சொல்லி அனுப்புங்கள். மெழுகுவர்த்தி ஏற்ற மட்டும் வருகிறவர்களுக்கு 25ஆம் தேதி பகல் 11 முதல் 4 வரை வெளியே கெபியருகில் (சுரூபம் வைத்த குகை) தனி நேரம் ஒதுக்கலாம்.

வாசலில் ஒருவருக்கு, டோக்கன் பார்த்து, வெப்பம் பார்த்து, கையில் சானிடைசர் விட்டு அனுப்ப 20 விநாடி ஆகும். 85 பேருக்கு ஒரே வாசல் என்றால் 28 நிமிடம், இரண்டு வாசல் என்றால் 14. வாசல் இரண்டு இல்லாமல் நடத்தவே கூடாது. வெப்பமானியைப் பற்றி ஒரு வார்த்தை. பனிக்காற்றில் ஸ்கூட்டரில் வந்தவரின் நெற்றி 33 டிகிரிகூடக் காட்டும். வெயிலில் நடந்து வந்தவருக்குச் சூடு கூடுதலாகக் காட்டும். வந்தவரை நிழலில் ஐந்து நிமிடம் நிறுத்தி, வியர்வையைத் துடைக்கச் சொல்லி, நெற்றியிலிருந்து மூன்று நான்கு சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். அறிகுறியே இல்லாதவரை எந்த வெப்பமானித் துப்பாக்கியும் கண்டுபிடிக்காது. 'மூன்று நாளில் காய்ச்சல், இருமல், வாசனை தெரியாமை இருந்ததா, வீட்டில் யாருக்காவது இருக்கிறதா' என்று டோக்கன் கொடுக்கும்போதே வீட்டில் கேட்பது அதைவிடப் பயனுள்ளது. புதுச்சட்டை போட்டுக்கொண்டு வாசல் வரை வந்தவர் 'ஆமாம்' என்று சொல்வது அபூர்வம்.

சானிடைசர் ஒரு தடவைக்கு 3 மில்லி. நான்கு வழிபாடு, 104 பேர், போகவும் வரவும் சேர்த்து இரண்டரை லிட்டர் ஆகும். 5 லிட்டர் கேன் ஒன்று தாராளம். ஆனால் கிறிஸ்துமஸ் இரவில் மெழுகுவர்த்தி ஏந்தும் ஆராதனை நடக்கும் ஆலயங்கள் தயவுசெய்து கவனிக்க வேண்டும். சானிடைசரில் பெரும்பங்கு ஆல்கஹால். ஈரக் கையோடு தீயை வாங்கினால் கை பற்றிக்கொள்ளும், பாலியஸ்டர் பட்டுப்பாவாடை பற்றிக்கொள்ளும். தீச்சுடரும் கேனும் ஒரே மேசையில் இருக்கவே கூடாது. மெழுகுவர்த்தி ஆராதனை வேண்டுமென்றால் அன்று வாசலில் சோப்பும் தண்ணீர்க் குழாயும் வையுங்கள்; இல்லை, பீடத்தில் மட்டும் ஏற்றுங்கள். ஒருவர் சுடரிலிருந்து இன்னொருவர் ஏற்றிக்கொள்ள இரண்டு பேரும் முகத்துக்கு முகம் குனிவதையும் நினைத்துப் பாருங்கள்.

பாட்டு பற்றிச் சொன்னால் பலருக்கு வருத்தம் வரும். பாடகர் குழுக்களைத் தவிர்த்து, பதிவு செய்த பாடல்களை ஒலிக்கவிடலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2020 ஜூன் மாத வழிகாட்டு நெறியே சொன்னது. காரணம் இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காஜிட் பள்ளத்தாக்குப் பாடகர் குழு 2020 மார்ச் 10ஆம் தேதி இரண்டரை மணி நேரம் கூடிப் பாடியது. வந்தவர்கள் 61 பேர், அவர்களில் அறிகுறி இருந்தவர் ஒருவர். உறுதியானதும் சந்தேகத்துக்குரியதுமாக 53 பேருக்குத் தொற்று, இரண்டு பேர் இறந்தார்கள். அது ஆராதனைகூட அல்ல, ஒத்திகை. நம் ஊரிலும் ஆபத்து 25ஆம் தேதிப் பாட்டில் இருப்பதைவிட, டிசம்பர் முழுக்க ராத்திரி ராத்திரி கதவடைத்த அறையில் 30 பேர் நடத்தும் பயிற்சியில்தான் அதிகம். ஒரு குரல், ஒரு கீபோர்டு, மக்களிடமிருந்து 12 அடி தள்ளி. பாடுபவருக்குப் பின்னாலிருந்து ஃபேன் வீசக் கூடாது. மைக் அருகே வந்ததும் மாஸ்க்கைக் கழுத்துக்கு இறக்குவது வாசகம் வாசிக்கிற எல்லோருக்கும் உள்ள பழக்கம். நல்ல மைக் மாஸ்க் வழியாகவும் எடுக்கும். ஒலி அளவைக் கொஞ்சம் ஏற்றினால் போதும். மைக்கில் கிருமிநாசினி அடித்தால் மைக் போய்விடும், ஆல்கஹால் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். வீடு வீடாகப் போகும் கீத பவனியை இந்த ஆண்டு விட்டுவிடலாம். கிறிஸ்துமஸ் தாத்தா குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்துக் கைகுலுக்குவது 50 வீட்டை ஒரே கையால் தொடுவது.

நற்கருணை அப்பத்தை நாவில் வாங்காமல் கையில் வாங்க வேண்டும். சி.எஸ்.ஐ. ஆலயங்களில் ஒரே பாத்திரத்திலிருந்து திராட்சை இரசம் பருகுவதற்குப் பதில் தனித்தனிச் சிறு கிண்ணங்கள் வைக்கலாம். ஊற்றி வைப்பவர் ஒருவராக இருக்கட்டும், மூடி வைக்கட்டும். மக்களை முன்னால் வரவழைத்து வரிசை நிறுத்துவதைவிட, குருவானவர் வரிசை வரிசையாக நடந்துபோய்க் கொடுப்பது வேகமும் ஆகும், நெருக்கமும் குறையும். தீர்த்தத் தொட்டி காலியாக இருக்கட்டும். காணிக்கைப் பை கைமாறிப் போவதற்குப் பதில் வெளியேறும் வாசலில் பெட்டி. வழிபாட்டில் ஒருவருக்கொருவர் சமாதானம் பகிர்வதில் மட்டும் நமக்குப் பிரச்சினையே இல்லை. கைகூப்பிச் சொல்வது இங்கே ஏற்கெனவே வழக்கம்.

எல்லா ஏற்பாடும் உடைகிற இடம் வேறு. நுழையும்போது எல்லோரும் ஒழுங்காகத்தான் நுழைவார்கள். கடைசி ஆசீர்வாதம் முடிந்த நொடியில் மூன்று இடத்தில் கூட்டம் கட்டும். கிறிஸ்துமஸ் குடில், செருப்புக் குவியல், வாசலில் வாழ்த்துச் சொல்லிக் கேக் கொடுக்கும் மேசை. குடிலைப் பீடத்துக்குப் பக்கத்தில் வைத்தால் எல்லோரும் முன்னால் போவார்கள், வெளியேறும் வாசலில் வைத்தால் வாசல் அடைபடும். வெளியே, சுவரோரமாக, ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகும்படி கயிறு கட்டி, ஆறடி தள்ளி நின்று பார்க்கிற மாதிரி வைக்க வேண்டும். குழந்தை இயேசு சுரூபத்தை முத்தமிடுவதும் தொடுவதும் இந்த ஆண்டு வேண்டாம். குடிலருகே செல்ஃபி வேண்டாம் என்று எழுதி வைத்தால் யாரும் படிக்க மாட்டார்கள், ஒரு தொண்டரை நிறுத்துங்கள். செருப்புக்கு எளிய வழி, ஒரு மஞ்சப்பையில் போட்டுத் தன் நாற்காலிக்குக் கீழேயே வைத்துக்கொள்வது. கேக் வேண்டுமென்றால் பொட்டலமாகக் கட்டி அன்பியப் பொறுப்பாளர் வழியே வீட்டுக்கு அனுப்பலாம். அசனம் (ஊர் கூடி உண்ணும் விருந்து) அடுத்த ஆண்டுக்கு. வெளியேறுவதைப் பின்வரிசையிலிருந்து, வரிசைக்கு அரை நிமிடம் என்று தொண்டர் கைகாட்டி அனுப்பினால் 13 வரிசைக்கு ஏழு நிமிடம்கூட ஆகாது.

துடைப்பதைப் பற்றிச் சுருக்கமாக. ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 33 கிராம் பிளீச்சிங் பவுடர் கலந்து தெளியவைத்தால் ஒரு சதவீதக் கரைசல் கிடைக்கும். தரையிலும் கைப்பிடிகளிலும் பத்து நிமிடம் இருக்க வேண்டும். வாய் திறந்து கிடந்த மூட்டைத் தூளில் வீரியம் இருக்காது. பித்தளைக் குத்துவிளக்கில் பட்டால் கறுத்துவிடும். மனிதர்மேல் தெளிக்கவே கூடாது. ஆனால் புகைபோல மருந்தடிக்க ஆளும் பணமும் தேடுகிறவர்கள், அடைத்துக் கிடக்கும் ஜன்னல் கொக்கிகளுக்கு எண்ணெய் விட்டுத் திறந்தாலே பாதி வேலை முடியும். வண்ணக் கண்ணாடி பதித்த பழைய கோயில்களில் ஜன்னல் திறக்காது. அங்கே கதவுகளை விரியத் திறந்து, ஒரு கதவில் காற்றை வெளியே தள்ளும்படி பெடஸ்டல் ஃபேன் வைக்க வேண்டும். ஸ்பிளிட் ஏ.சி. உள்ளிருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றி விடும், அணைத்துவிடுங்கள்.

முதியவர்கள் விஷயம்தான் மனதைப் பிசைகிறது. 65 வயதுக்கு மேற்பட்டோர், கர்ப்பிணிகள், 10 வயதுக்கு உட்பட்டோர், நாள்பட்ட நோயுள்ளோர் வீட்டில் இருப்பது நல்லது என்றது அந்த ஜூன் மாத வழிகாட்டு நெறி. ஆண்டு முழுவதும் ஒரு நாள் தவறாமல் கோயிலுக்கு வந்தவர்கள் அவர்கள்தான். புதுச்சேலை கட்டிக்கொண்டு வந்த பாட்டியை வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்புவது போலக் கொடுமை வேறில்லை. 20ஆம் தேதிக்குள் அன்பியப் பொறுப்பாளர் போனில் பேசி, 22 முதல் 24 வரை குருவானவர் வீட்டுத் திண்ணையிலோ முற்றத்திலோ நின்று நற்கருணை கொடுக்க வருவார் என்று நாள் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்குப் பத்து நிமிடம் வீதம், நாளுக்குப் பத்து வீடு. யூடியூப் நேரலை எல்லா வீட்டுக்கும் எட்டாது. கிராமங்களில் கோயில் ஒலிபெருக்கி எட்டும். இரவு 10 மணிக்கு மேல் அதற்குத் தடை உண்டு என்பதால், முதல் வழிபாட்டை மாலையிலேயே வைப்பதற்கு இது இன்னொரு காரணம்.

மாவட்ட நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள். நேரக் கட்டுப்பாடு ஏதேனும் விதிப்பதாக இருந்தால் 24ஆம் தேதி மாலையில் அறிவிக்காதீர்கள். 300 வீட்டுக்கு டோக்கன் கொடுத்து முடிக்க மூன்று நாள் ஆகும், மாற்றிக் கொடுக்க இன்னும் மூன்று நாள். 31ஆம் தேதி இரவு ஆராதனைக்கும் இதே பேச்சுதான்.

கடைசியாக, வருகைப் பட்டியல். வந்தவர் பெயரும் தொலைபேசி எண்ணும் வழிபாடு வாரியாக ஒரு உறையில் போட்டு ஒட்டி, குருவானவர் பீரோவில் பூட்டி வைக்க வேண்டும். சுகாதாரத் துறை கேட்டால் மட்டும் கொடுக்க வேண்டும். நன்கொடை கேட்கவோ தேர்தலுக்கோ அல்ல. 14 நாள் கழித்து, 25ஆம் தேதிப் பட்டியலை ஜனவரி 8இலும், புத்தாண்டுப் பட்டியலை ஜனவரி 15இலும் எரித்துவிடலாம்.

இப்படிக்கு,
பங்கு, சேகரத் தொண்டர்கள் சிலர்,
திருநெல்வேலி.